ஐந்தாவது புலம்

பிரிக்பீல்ட்ஸில் நண்பர் நடத்தும் டியூஷன் வகுப்புக்குப் பழைய கணினிகள் இரண்டு வந்தன. டெபியன் போட்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு திறந்துகொண்டிருந்தேன். முழுப்பெயர் கேட்டது, பிறகு அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வரும் மாணவி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, ரூம் நம்பர்லாம் கேக்குது. அப்பா பேரு எங்க போடறது?”

அன்றிரவு அந்தக் கோப்பை ஓர் இலக்கியப் பிரதி மாதிரி உட்கார்ந்து வாசித்தேன். ‘பாஸ்வர்ட்’ என்று தலைப்பு. உள்ளே கடவுச்சொல்லே கிடையாது. அது எப்போதோ வேறு கோப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது, இருந்த இடத்தில் ஓர் ‘எக்ஸ்’ மட்டும் கிடக்கிறது. ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு புலங்கள், நடுவே முக்காற்புள்ளி. கோப்புகளின் உரிமையெல்லாம் மூன்றாவது புலத்திலுள்ள எண்ணின் பேரில்தான். ஐந்தாவது புலம் மனிதர்கள் படிப்பதற்கு.

அதன் பெயர் ஜீகாஸ். பெல் ஆய்வகத்து யூனிக்ஸ்காரர்கள் அச்செடுக்க வேறொரு பெரிய கணினிக்கு வேலையை அனுப்புவார்கள். அதில் ஓடியது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜீகாஸ். அங்கே காட்ட வேண்டிய அடையாளத்தை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1970இல் அந்த நிறுவனம் கணினித் தொழிலை ஹனிவெல்லுக்கு விற்றது. இயங்குதளத்தின் பெயரிலிருந்து ‘இ’ எழுத்து போனது. யூனிக்ஸில் மட்டும் இன்னும் போகவில்லை. தோட்டத்தைத் துண்டுபோட்டு வீடமைப்பு வந்த பிறகும் நம்மாட்கள் பழைய தோட்டப் பேரையே சொல்கிற மாதிரி.

எனக்கு இந்தப் புலத்தின்மீது ஒரு பிரியம் உண்டு. பின்னால் வந்த இணையப் படிவங்கள் முதல்பெயர், குடும்பப்பெயர் என்று நம்மை இரண்டாக வெட்டின. அப்பாவைக் குடும்பப்பெயர் ஆக்கி, மின்னஞ்சலில் அவரையே விளித்தன. ஜீகாஸ் முழுப்பெயரை ஒரே இடத்தில் கேட்கிறது. காற்புள்ளியும் முக்காற்புள்ளியும்தான் ஆகாது. அடையாள அட்டையிலுள்ள ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ சாய்கோட்டோடு அப்படியே உட்காரும்.

ஆனால் மிச்சக் கேள்விகள்? எல்லாருக்கும் அலுவலக அறையும் மேசைத் தொலைபேசியும் உண்டு என்று நம்பும் ஓர் ஆய்வக வராந்தாவின் கற்பனை அது. அதைவிட மோசம், அந்தக் கணினியில் கணக்குள்ள எவரும் இதைப் படிக்கலாம். 1988இல் மோரிஸ் புழு கடவுச்சொல்லை ஊகிக்க இந்தப் புலத்துப் பெயர்களைத்தான் எடுத்துப் போட்டுப் பார்த்தது. நானோ முதல் இரண்டு பிள்ளைகளின் வீட்டு எண்ணை யோசிக்காமல் அடித்து வைத்திருந்தேன். வகுப்பில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். மறுநாள் முதல் வேலையாக அழித்தேன்.

அந்த மாணவிக்கு விசைப்பலகையைக் கொடுத்து, “தொலைபேசிய விட்டுடு, மத்தத நீயே அடி” என்றேன். தன் பெயரையும் அப்பா பெயரையும் தமிழில் அடித்தாள். அறை எண்ணுக்கு ‘2ஆவது பெஞ்ச்’ என்று போட்டாள். ஆஸ்கி அல்லாத எழுத்து என்று எச்சரிக்கை வந்தது.

“ஏண்ணே, தப்பா?”

“இல்ல. ஏத்துக்கிச்சு.”