அன்னஞ்சி எங்கே போனது?

விதைப் பொட்டலத்துக்கெல்லாம் விமர்சனம் எழுதுவாயா என்று நண்பன் கேட்டான். அதில் அச்சடித்த சொற்கள் இருக்கின்றன, 'என்னை நம்பு' என்று சொல்கிற ஒரு குரல் இருக்கிறது. பிறகென்ன?

என் மேசையில் இரண்டு பொட்டலங்கள். ஒன்று, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 தக்காளி. மற்றது இணையத்தில் வாங்கிய 'பாட்டி காலத்து நாட்டுத் தக்காளி'. போன ஆடியில் மயிலாடும்பாறை வீட்டுக் கொல்லையில் இரண்டிலும் இருபது இருபது விதை போட்டேன். (கீழடிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுகிற கிருஷ்ணகிரி மயிலாடும்பாறை இல்லை. இது தேனி மாவட்டம், வருசநாட்டுப் பள்ளத்தாக்கு.)

நாட்டுத் தக்காளிப் பொட்டலத்தில் மரபு இருந்தது, மண்வாசனை இருந்தது, மறந்துபோன சுவை இருந்தது. எந்த ஊர் விதை, எந்த வருசம் எடுத்தது, நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்பது மட்டும் இல்லை. முளைத்தவை மூன்று. விற்றவர் மேல் கோபப்பட எனக்கு முழு உரிமை கிடையாது. அந்த மொழியை எழுதிப் பழக்கியவர்களில் நானும் ஒருவன். எங்கள் அம்மாச்சியின் கத்தரிக்காயைப் பற்றி உருகி உருகி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். காயின் நிறம் இருந்தது, குழம்பின் மணம் இருந்தது. அவர் எந்தக் காயை விதைக்கு விட்டார் என்பது இல்லை. எனக்கே தெரியாது.

பி.கே.எம். பொட்டலம் வறட்டு உரைநடை. ரகம், குவியல் எண், பரிசோதித்த நாள், முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம். இது சரிபார்க்கக்கூடிய வாக்கியம், அதனாலேயே தோற்கவும் கூடிய வாக்கியம். என் கொல்லையில் பதினாறு முளைத்தன.

ஆனால் இந்த உரைநடையிலும் ஒரு மௌனம் உண்டு. பி.கே.எம். 1 வானத்திலிருந்து விழவில்லை. அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் தூண்டப்பட்ட சடுதி மாற்றத்தால் கிடைத்தது. (மரபணு மாற்றுப் பயிர் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு.) தேனியிலிருந்து பெரியகுளம் பஸ் ஏறினால் அன்னஞ்சி விலக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அரசு ரகமா நாட்டு ரகமா என்று நாம் போடுகிற சண்டையில், அரசு ரகத்தின் தாயே நம்ம ஊர்க்காரி. பெயரில் கல்லூரி இருக்கிற ஊரும் ஓர் எண்ணும் நின்றுவிட்டன. அந்தத் தக்காளியை வருசா வருசம் பொறுக்கி வைத்த கைகளும் அன்னஞ்சியும் உதிர்ந்துபோயின.

அப்படியென்றால் கோட்டை எங்கே போடுவது? விதை திரும்பி வருமா, வராதா என்ற இடத்தில். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். பி.கே.எம். 1 வீரிய ஒட்டு இல்லை, அதனால் அதன் விதை அடுத்த வருசமும் அதே தக்காளியைத் தரும். ஒட்டு ரகத்தில் எடுத்த விதை அடுத்த தலைமுறையில் பலவிதமாகப் பிரிந்துவிடும். சந்தைக்குப் போடுகிறவர் கணக்கு வேறு, அவரைக் குறைசொல்ல மாட்டேன். கொல்லையில் பத்துச் செடி வைக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தந்திருக்கிறது. பொறுக்கத் தெரிந்த கையைச் சட்டம் தராது.

'கள்ளிக்காட்டு இதிகாசம்' சொல்லும் இழப்புக்கு ஓர் அணை இருக்கிறது, 1959 என்று ஒரு வருசம் இருக்கிறது. விதையின் இழப்புக்குத் தேதியே கிடையாது. கத்தரி விதை எப்படிப் போச்சு என்று அம்மாச்சியிடம் கேட்டேன்.

"எங்கய்யா போச்சு? ஒரு வருசம் காய்க்கு நல்ல வெல. வெதைக்கு விட்டதையும் சேத்துப் பறிச்சுப் போட்டோம். அடுத்த வருசம் கடையில வாங்கிக்கிரலாம்னாரு ஒங்க தாத்தா."

அவ்வளவுதான். என் கட்டுரையில் ஒரு வில்லன் இருந்தான். அம்மாச்சியின் நாலு வரியில் இல்லை.

"மொதக் காயும் வேணாம், கடசிக் காயும் வேணாம். நோவு விழுகாத செடியில நடுப்பறிப்புல விடு" என்றார். விட்டேன். நன்றாகப் பழுத்ததைப் பிழிந்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து வைத்திருக்கிறேன். பொட்டலத்தில் என் கையெழுத்து: 'பி.கே.எம். 1. தாய்: அன்னஞ்சி. எடுத்த இடம்: மயிலாடும்பாறை.' எடுத்த மாதமும் போட்டிருக்கிறேன். முளைப்புத்திறன் என்ற இடம் காலியாக இருக்கிறது.

வருகிற ஆடிக்கு யார் கேட்டாலும் இருபது விதை தருவேன். எத்தனை முளைத்தது என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.