பாட்டுக்கு அளவு வைப்பவன் யார்?

மண்டைக்காட்டு மாசிக் கொடையின் பக்தியில் நமக்குப் பங்கில்லை, பாட்டின்மீது பற்றுண்டு. நாஞ்சில் நாட்டுக் கொடைகளில் வில்லிசைப் புலவர் வீசுகோலை எடுத்தால் கதை நள்ளிரவையும் தாண்டும். கேட்போர் முகம் பார்த்து நீட்டுவார். சலிப்புக் கண்டால் சுருக்குவார். அளவுகோல் அவர் எதிரே மணலில் அமர்ந்திருந்தது!

பின்னர் இசைத்தட்டு வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம். அதற்குள் பாடி முடித்தாக வேண்டும். கலைஞனா கேட்டான் இந்த அளவை? தட்டு கேட்டது, தட்டை விற்றவன் கேட்டான்.

ஒழுகினசேரி தந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்தச் சந்தைக்குள்ளேயே நின்றவர். அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யில் (1949), படிக்கத் துடித்த ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையைக் கிந்தனார் காலட்சேபமாக நிகழ்த்தினார். பழைய பாண்டம், புதிய பண்டம்! முதலாளிகள் இடம் விட்டது ஏன்? அவர் பெயருக்கு வசூல் இருந்தது. பெயரில்லாப் புலவனுக்கு அந்த இடம் ஏது?

இன்று தட்டு போயிற்று, தராசு போகவில்லை. இணையத்தில் பாட்டு விற்கும் ஸ்பாட்டிஃபை, 30 வினாடி ஒலித்தால்தான் ஒரு கேட்பென்று கணக்கெழுதுகிறது. முன்னிசை சுருங்குகிறது, பல்லவி முந்துகிறது. நம் வகுப்பு மாணவர்களை அண்மையில் பாடச் சொன்னோம். பல்லவியை முழங்கினார்கள். சரணம் ஒருவருக்கும் தெரியவில்லை.