நீண்ட கைக்குக் குட்டை வில்: ரிகர்வ் தேர்வில் பார்க்க வேண்டியவை

நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வகையில், குட்டையான வில்லும் நீண்ட இழுப்பும் இயல்பில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. 62 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள ரிகர்வைக் குட்டை வில் என்று சொல்வது வழக்கம். 30 அங்குலமும் அதற்கு மேலும் நாணை இழுப்பவர் நீண்ட இழுப்புக்காரர். வில்லின் மேல் 62 அங்குலம், 40 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால், அந்த 40 பவுண்டு 28 அங்குல இழுப்பில் அளந்தது. 31 அங்குலம் இழுப்பவர் கையில் அதே வில் வேறு வில்லாக மாறிவிடுகிறது. தேர்வில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த 28 அங்குலக் கணக்கைக் கவனிக்காததால் வருகின்றன.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது வில்லை அல்ல, ஆளை. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் தோராயமான இழுப்பு நீளம் கிடைக்கும். கைவிரிப்பு 74 அங்குலம் உள்ள ஒருவருக்கு இது 29.6 அங்குலம்; 77.5 அங்குலம் என்றால் 31. இது ஆரம்பக் கணக்குதான். சரியான அளவுக்கு, பயிற்சிக் கூடத்தில் உள்ள 20 பவுண்டு வில் ஒன்றை வாங்கி, நீளமான அம்பைக் கோத்து, வழக்கமான ஆங்கர் புள்ளி வரை, அதாவது இழுத்த கை முகத்தில் நிலைகொள்ளும் இடம் வரை, இழுக்க வேண்டும். கைப்பிடியின் மிக ஆழமான இடத்துக்கு நேராக அம்பின் மேல் இன்னொருவர் குறியிடுவார். அம்பின் நாக் பள்ளத்திலிருந்து (நாண் பொருந்தும் வெட்டு) அந்தக் குறி வரை உள்ள நீளத்தோடு 1.75 அங்குலம் கூட்டினால் வருவதே வில் தயாரிப்பாளர்கள் பேசும் இழுப்பு நீளம். வாயோரத்தில் ஆங்கர் வைப்பவருக்கும் தாடைக்குக் கீழே வைப்பவருக்கும் அளவு மாறும். புதிதாகக் கற்பவர்கள் முதுகுத் தசையைப் பயன்படுத்தப் பழகப் பழக இழுப்பு கொஞ்சம் நீளும் என்பதால், முதல் வாரத்து அளவை வைத்து வில் வாங்கக் கூடாது.

குட்டை வில் ஏன் முரண்டு பிடிக்கிறது என்பதற்கு விடை நாணின் கோணத்தில் இருக்கிறது. நாண் நீளாது. இழுக்கும்போது விரலும் வில்லின் இரு முனைகளும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. வில் குட்டையாக இருந்தால் அந்த முக்கோணத்தின் பக்கங்களும் குட்டை. விரல் இருக்கும் முனையில் கோணம் கூர்மையாகிறது. மேல்விரலும் கீழ்விரலும் அம்பின் நாக் பகுதியை இருபுறமும் நெருக்குகின்றன. அம்பு தன்னைத் தாங்கும் ரெஸ்ட்டிலிருந்து எழும்பி விழுவதும், விடும்போது மோதிர விரல் பின்தங்கி நாணை இழுத்துக்கொண்டு போவதும் இதனால்தான். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்தால் நாக் நெருக்கம் தீரும். விரல் வலி முழுதாகத் தீராது.

மறுமுனையில் நடப்பது இன்னும் முக்கியம். நாண் பூட்டிய நிலையில் ரிகர்வின் வளைந்த நுனிமேல் நாண் படிந்திருக்கும். இழுக்க இழுக்க அது நுனியிலிருந்து உரிந்து வருகிறது; வளைவு விரிகிறது. லிம்ப் எனப்படும் வளையும் கையின் நுனிக்கும் நாணுக்கும் உள்ள கோணம் 90 பாகையை நெருங்கும்போது லிம்ப் மேலும் வளைவதற்கான நெம்புகோல் பலன் குறைந்துபோகிறது. அதுவரை ஓர் அங்குலத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு என்று ஏறிவந்த எடை திடீரென நான்கு, ஐந்து என்று தாவும். வில்லாளிகள் ஸ்டாக்கிங் என்று சொல்வது இதைத்தான். முழு இழுப்பில் நிதானமாக நின்று குறிபார்க்க வேண்டிய அந்த நொடியில் சுவரை இழுப்பதுபோல ஆகிவிடும்.

அப்படியிருந்தும் குட்டை வில்லுக்கு ஏன் இத்தனை மோகம்? அதன் பிறப்பிடம் அமெரிக்க வேட்டைக்காடு. புதருக்குள்ளும் மரத்தின் மேல் கட்டிய பரணிலும் நீளமான வில் இடிக்கும். பேர் ஆர்ச்சரி நிறுவனத்தின் 52 அங்குல கோடியாக் மேக்னம், 58 அங்குல கிரிஸ்லி போன்றவை அந்தத் தேவைக்காக வந்தவை. வேட்டையைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ள நம் நாட்டில், அம்பத்தூரிலோ ஆவடியிலோ இலக்கு அட்டையைப் பார்த்து எய்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிகளும் குட்டை வில்லுக்குச் சலுகை எதுவும் தருவதில்லை. குறிபார்க்கும் கருவி இல்லாமல் எய்யும் பேர்போ பிரிவில் நாண் கழற்றிய வில், பொருத்திய உபகரணங்களோடு, 12.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைய வேண்டும்; நீளத்துக்கு வரம்பு இல்லை. ஒலிம்பிக் ரிகர்வின் 70 மீட்டரிலும் பேர்போவின் 50 மீட்டரிலும் நீளமான வில்லின் நிதானம்தான் கைகொடுக்கும்.

எடுத்துச் செல்ல வசதி என்ற இரண்டாவது காரணமும் கழற்று வில் வந்தபின் வலுவிழந்துவிட்டது. நடுக் கைப்பிடிப் பகுதியான ரைசர் தனி, லிம்ப்கள் தனி என்று பிரித்துவிட்டால் 70 அங்குல வில்கூட இரண்டரை அடிப் பையில் அடங்கும். பூந்தமல்லியிலிருந்து நகரப் பேருந்தில் போனாலும், ஆவடியில் மின்சார ரயில் ஏறினாலும், முதுகில் மாட்டிய பை யாரையும் இடிக்காது. கழற்ற முடியாத ஒற்றைத் துண்டு வில்லுக்குத்தான் நீளம் சுமை. ஆகவே நீண்ட இழுப்புக்காரர் வாங்க வேண்டியது 68 அல்லது 70 அங்குலம். 31 அங்குலத்தைத் தாண்டினால் 70 அல்லது 72. குட்டை வில்தான் வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் இருப்பவர்களுக்கு, உதாரணமாக உட்கார்ந்து எய்பவர்களுக்கோ வில் இலேசாக இருக்க வேண்டியவர்களுக்கோ, அடுத்து வருபவை உதவும்.

குட்டை வில்லிலும் எந்தப் பகுதி குட்டை என்பதுதான் கேள்வி. ஐ.எல்.எஃப். என்ற பொதுப் பொருத்து முறையில் ஒரு நிறுவனத்தின் ரைசரில் இன்னொரு நிறுவனத்தின் லிம்பை மாட்டலாம். 25 அங்குல ரைசரில் குட்டை லிம்ப் போட்டால் 66 அங்குல வில். நடுத்தரம் போட்டால் 68. நீளம் போட்டால் 70. ரைசர் எத்தனை அங்குலம் குறைகிறதோ அத்தனை அங்குலம் வில்லும் குறையும். இந்தக் கணக்கில் 66 அங்குல வில்லை 25 அங்குல ரைசரும் குட்டை லிம்ப்களும் சேர்த்தும் அமைக்கலாம், 21 அங்குல ரைசரும் நீள லிம்ப்களும் சேர்த்தும் அமைக்கலாம். நீண்ட இழுப்புக்கு இரண்டாவதே நல்லது. வளைவது லிம்ப், ரைசர் அல்ல. வளையும் பகுதி நீளமாக இருந்தால் ஒவ்வோர் அங்குலமும் குறைவாகவே வளைந்தால் போதும், நாண் கோணமும் தாமதமாகவே 90 பாகையை எட்டும். 64 அங்குலம் வரை இறங்க வேண்டுமானால் 19 அங்குல ரைசரும் நீள லிம்ப்களும். ஹோய்ட் நிறுவனத்தின் சடோரி ரைசர் 17, 19, 21 அங்குலங்களில் வருகிறது. நீண்ட கை உள்ளவர் அதில் 17ஐத் தொடாமல் இருப்பது நல்லது. குட்டை ரைசரில் எடை குறைவு, கை நடுக்கம் அதிகம் தெரியும். சைட்டும் ஸ்டெபிலைசரும் பொருத்தி ஒலிம்பிக் பாணியில் எய்யவும் அது தோதுப்படாது. அந்த விலையைக் கொடுத்தே குட்டை வில் கிடைக்கிறது.

தொடக்கநிலையில் உலகம் முழுக்க விற்ற குட்டை கழற்று வில் சாமிக் சேஜ். 62 அங்குலம், மரத்தால் ஆன ரைசர், 25 முதல் 60 பவுண்டு வரை ஐந்தைந்தாக ஏறும் லிம்ப்கள். எடை கூட்ட நினைத்தால் லிம்பை மட்டும் மாற்றினால் போதும் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் அதற்குத் தயாரிப்பாளர் சொன்ன உச்ச இழுப்பு 29 அங்குலம். லிம்பைப் பொருத்தும் முறை ஐ.எல்.எஃப். வகை அல்ல, நீளமான லிம்ப் போட்டுச் சமாளிக்க வழியில்லை. அதே வடிவத்தைப் பின்பற்றி வேறு பெயர்களில் வரும் 62 அங்குல வில்களுக்கும் இந்த எல்லை ஏறத்தாழப் பொருந்தும். 28 அங்குலக்காரருக்கு அருமையான முதல் வில். 30 அங்குலக்காரருக்கு அல்ல. விலை குறைவு என்பதற்காக எல்லையைத் தாண்டி இழுப்பது லிம்பின் ஆயுளையும் இழுப்பவரின் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

வாங்கும் முன் வில்லைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு போதும். நாணின் நடுவில் தராசின் கொக்கியை மாட்டி, வில்லைப் பிடித்துக்கொண்டு, 26 அங்குலத்திலிருந்து தன் இழுப்பு வரை ஒவ்வோர் அங்குலத்திலும் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்களைவிட எண்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் பேசும். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு கிலோ, 1.1 கிலோ, 1.2 கிலோ என்று ஏறினால் வில் மென்மை. கடைசி அங்குலத்தில் மட்டும் 1.8 என்று தாவினால் அந்த வில் அந்தக் கைக்கு ஆகாது. இழுத்துப் பிடித்துக்கொண்டே அளவு பார்ப்பது சிரமம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் சொன்னால், வில்லைத் தாங்கும் முட்டும் நாணை இழுக்கும் கைவின்சும் உள்ள ஓர் இழுவைப் பலகையைச் செய்து தருவார். அங்குலக் குறிகளை அதிலேயே பதித்துவிடலாம். எய்து பழகும் சங்கத்துக்கு அது நிரந்தரச் சொத்து.

தராசு இல்லாவிட்டால் செல்போன். முழு இழுப்பில் நிற்பவரைத் தோள் உயரத்தில் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, திரையில் லிம்ப் நுனிக்கும் நாணுக்கும் உள்ள கோணத்தைப் பார்க்க வேண்டும். நுனி இன்னும் முன்பக்கம் சற்றே வளைந்திருந்தால் இடம் பாக்கி இருக்கிறது. நாணும் நுனியும் செங்கோணமாக நின்றால் அந்த வில் தன் எல்லைக்கு வந்துவிட்டது.

எடைக் கணக்கில் நீண்ட இழுப்புக்காரர்கள் இருமுறை அடிபடுகிறார்கள். ஐ.எல்.எஃப். லிம்பின் மேல் உள்ள எடை பெரும்பாலும் 25 அங்குல ரைசருக்கும் 28 அங்குல இழுப்புக்கும் சொன்னது. ரைசர் இரண்டு அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு கூடும். 36 பவுண்டு என்று அச்சிட்ட லிம்பை 19 அங்குல ரைசரில் மாட்டினால் 42. அதை 31 அங்குலம் இழுத்தால், அங்குலத்துக்கு இரண்டரை வீதம், 49 அல்லது 50. கிலோவில் 22க்கு மேல். முப்பத்தாறு என்று நினைத்து வாங்கியவர் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ள இதுவே போதும். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைக்கலாம், அதற்கு மேல் முடியாது. இன்னொரு பக்கம், நீண்ட இழுப்பில் நாண் அம்பைத் தள்ளும் தூரம் அதிகம். குறைந்த எடை வில்லிலும் அம்பு வேகமாகப் போகும். ஆகவே முதல் லிம்பில் 26 அல்லது 28 பவுண்டு என்ற எண்ணைப் பார்த்து நெடிய ஆள் கூச்சப்பட வேண்டியதில்லை.

குட்டை வில், நீண்ட இழுப்பு இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நுனி வளைவை மிக அதிகமாக்கிய சூப்பர் ரிகர்வ் லிம்ப்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த பார்டர் நிறுவனத்தின் ஹெக்ஸ் வரிசை இவ்வகை. பிரான்சின் உக்காவும் இதே திசையில் கார்பன் லிம்ப் செய்கிறது. நாண் நுனியிலிருந்து உரிந்து முடிக்கவே நீண்ட தூரம் ஆவதால் கடைசி அங்குலங்களில் எடை தாவாது. விலை பலமடங்கு, லிம்ப் முறுக்கிக்கொள்ளாமல் நேராக நிற்கிறதா என்பதில் கூடுதல் கவனம் தேவை. இன்னொன்று, பழைய ஆசியக் குதிரை வில். துருக்கியரும் கொரியரும் கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த இந்த வில்கள் ரிகர்வைவிடக் குட்டை. இழுப்போ காது வரை போகும். வளையாமல் விறைப்பாக நிற்கும் நுனிகள் நெம்புகோலாக வேலை செய்வதே அதன் இரகசியம். கட்டைவிரல் வளையத்தால் இழுப்பதால் விரல் நெருக்கமும் இல்லை. கொரியர்கள் இன்றும் அப்படித்தான் 145 மீட்டர் இலக்குக்கு எய்கிறார்கள். கண்ணாடியிழையில் செய்த இன்றைய குதிரை வில்களில் 32 அங்குலத்தைத் தாண்டி இழுக்கக்கூடியவை உண்டு. மாடலுக்கு மாடல் எல்லை மாறும் என்பதால் வாங்கும் முன் கேட்டுவிட வேண்டும்.

அம்பை மறந்துவிட்டு வில் வாங்குவது அரைவேலை. 31 அங்குலம் இழுப்பவருக்கு 29 அங்குலத்தில் வெட்டிய அம்பு ஆபத்து; முனை ரெஸ்ட்டைத் தாண்டி உள்ளே விழுந்து கையைத் துளைக்கலாம். வெட்டாத முழு நீளக் கார்பன் தண்டே பாதுகாப்பு. நீளம் கூடினால் தண்டு மென்மையாக வளையும் என்பதால், விறைப்பு கூடிய, அதாவது எண் குறைந்த ஸ்பைன் தேவைப்படும். 28 அங்குலக்காரர் 600 போடும் இடத்தில் நீண்ட இழுப்புக்காரருக்கு 500 வேண்டியிருக்கலாம்.

எங்கே எய்வது என்பதும் வில்லின் தேர்வைச் சேர்ந்ததே. உள்ளரங்குத் தூரம் 18 மீட்டர். ஒரு கிரவுண்டு மனையின் நீளம் வழக்கமாக 60 அடி, அதாவது 18.3 மீட்டர், வீடு கட்டியபின் அந்த இடம் மிஞ்சாது. திருமுல்லைவாயிலிலோ திருவேற்காட்டிலோ மொட்டைமாடியில் 40 பவுண்டு வில்லை எய்வது அண்டை வீட்டாருக்கு உயிராபத்து. வீட்டில் ரப்பர் பட்டையை இழுத்துப் பழகி, எய்வதைச் சங்கத் திடலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பழைய வில் வாங்குபவர் லிம்ப் முழுக்கப் பஞ்சால் தடவிப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசலில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நாண் பூட்டி ஒரு நுனியிலிருந்து பார்த்தால் நாண் இரு லிம்ப்களின் நடுவே ஓட வேண்டும். விலகினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. அம்பு இல்லாமல் நாணை விட்ட வில் என்று தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் வில்லை வைத்தால் லிம்பின் அடுக்குகளைப் பிடித்திருக்கும் பசை இளகும். எய்து முடித்ததும் கழற்றிப் பையில் வைத்து நிழலுக்குக் கொண்டுபோவதே முறை. நுனி வலுப்படுத்தாத பழைய வில்களுக்கு டேக்ரான் நாண் மட்டுமே போட வேண்டும். நாணின் உண்மையான நீளம் வில்லின் பெயரளவைவிட ஏறத்தாழ நான்கு அங்குலம் குறைவு: 66 அங்குல வில்லுக்கு 62 அங்குல நாண். கட்டியபின் தயாரிப்பாளர் சொன்ன பிரேஸ் ஹைட் (கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி) வராவிட்டால், நாணை முறுக்கியோ தளர்த்தியோ அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே முதல் அம்பைக் கோக்க வேண்டும்.