வைக்கோலுக்கு வெந்நீர் வைத்தியம்

வைக்கோலிலிருந்தும் மரத்தூளிலிருந்தும் சர்க்கரை எடுக்கும் ஆசைக்கு இருநூறு வயது. பிரெஞ்சு வேதியியலர் பிராகனோ 1819இல் கந்தல் துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்து அதைச் செய்தும் காட்டிவிட்டார். அன்றிலிருந்து நெடுங்காலம் இந்தத் தொழிலில் அமிலத்தின் ஆட்சிதான். ஆனால் அமிலம் கலனை அரிக்கும். வேலை முடிந்ததும் சுண்ணாம்பு போட்டு அதை அடக்க வேண்டும். அடக்கினால் ஜிப்சம் குவியும். அதனால்தான் "அமிலமே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்" என்று யாராவது சொன்னால் காது நிமிர்கிறது. சொல்வதில் உண்மை இருக்கிறது. எந்த அளவுக்கு என்பதில்தான் எனக்கு வழக்கு.

வீட்டுக் குக்கரில் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுகிறது. அதே வித்தையை எஃகுக் கலனில் 40 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் செய்தால், 250 டிகிரியிலும் தண்ணீர் ஆவியாகாமல் திரவமாகவே நிற்கும். அந்தச் சூட்டில் அதன் குணமே வேறு. சாதாரண நீரில் இருப்பதைவிட இருபது மடங்குக்கும் அதிகமாக ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன. ஆல்கஹாலைப் போல, கரிமப் பொருள்களைக் கரைக்கும் திறனும் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, தாவர நாரில் ஒட்டியிருக்கும் அசெட்டைல் தொகுதிகள் கழன்று அசெட்டிக் அமிலமாகின்றன. வெளியிலிருந்து அமிலம் ஊற்றாவிட்டாலும் வைக்கோலே கொஞ்சம் கொண்டுவந்துவிடுகிறது.

இந்த முறையின் பலம் முழுவதும் ஹெமிசெல்லுலோஸில் தெரிகிறது. தாவர நாரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இருக்கும் இந்தப் பகுதி, கட்டுறுதி குறைந்த கிளைச்சங்கிலி. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மாக், ஆண்டல் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் பத்து வகை மரங்களையும் புற்களையும் 200 முதல் 230 டிகிரி வெந்நீரில், 15 நிமிடத்துக்கு மேற்படாமல் வைத்துப் பார்த்தார்கள். எல்லா வகையிலும் ஹெமிசெல்லுலோஸ் முழுக்கக் கரைந்து வெளியேறியது. ஒரு சொட்டு அமிலம் சேர்க்கவில்லை. வேதியியலில் இவ்வளவு சுத்தமான வெற்றி அபூர்வம்.

இதிலும் பதம் தப்பக் கூடாது. சூடு பத்து டிகிரி ஏறினால் நேரத்தை இரட்டிப்பாக்கிய விளைவு வரும் என்பது ஓவெரெண்டும் ஷோர்னேயும் 1987இல் தந்த வாய்பாட்டின் சாரம். கொஞ்சம் அசந்தால், ஹெமிசெல்லுலோஸிலிருந்து வந்த சைலோஸ் என்ற சர்க்கரை ஃபர்ஃபியூராலாகிவிடும். பின்னால் நொதிக்க வரும் ஈஸ்ட்டுக்கு அது விஷம்.

செல்லுலோஸ் வேறு ஜாதி. படிகம்போல இறுகிய அந்த நாரை 200 டிகிரி வெந்நீர் பெரிதாக அசைப்பதில்லை. சூட்டை ஏற்றினால் இன்னொரு சிக்கல்: செல்லுலோஸ் உடைந்து குளுக்கோஸ் பிறக்கும் வேகத்தைவிட, பிறந்த குளுக்கோஸ் சிதையும் வேகம் அதிகம். கடைசியில் கலனில் மிஞ்சுவது பழுப்பு நிறச் சாறும், கரிய பிசினும், கரிம அமிலங்களும்தான்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஜப்பான். சென்டாயிலுள்ள தோஹோகு பல்கலைக்கழகத்தில் சசாகி, அட்ஷிரி, அராய் குழுவினர் 1998இல், திரவம், ஆவி என்ற வேறுபாடு மறையும் 374 டிகிரி என்ற மாறுநிலைப் புள்ளியை ஒட்டியும் தாண்டியும் தண்ணீரைக் கொண்டுபோனால் நிலைமை தலைகீழாவதைக் காட்டினார்கள். அங்கே செல்லுலோஸ் உடையும் வேகம் திடீரெனத் தாவி, குளுக்கோஸ் சிதைவை முந்திவிடுகிறது. ஸ்பெயினின் வல்லாதோலித் பல்கலைக்கழகக் குழு 2013இல் இதை உச்சிக்கே கொண்டுபோனது: 400 டிகிரி, ஏறக்குறைய 250 வளிமண்டல அழுத்தம், ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், கிடைத்த சர்க்கரை 98 விழுக்காடு.

இந்த 98ஐ மேடைதோறும் முழங்குபவர்கள் சொல்லாமல் விடுவது சில உண்டு. உள்ளே போனது வயலிலிருந்து வந்த வைக்கோல் அல்ல, சுத்திகரித்த செல்லுலோஸ் தூள். அதுவும் நீர்த்த கலவையாக. "சர்க்கரை" என்ற கணக்கில் குளுக்கோஸோடு சேர்ந்து, இன்னும் உடையாத குறுஞ்சங்கிலிகளும் அடக்கம். அவற்றைக் குளுக்கோஸாக்க மறுபடி நொதியோ கொஞ்சம் அமிலமோ வேண்டும். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. கட்டுரையைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

என் முக்கியக் குற்றச்சாட்டு தண்ணீரின் அளவு பற்றியது. ஒரு கிலோ தண்ணீரை 30லிருந்து 250 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு மெகாஜூல் வெப்பம் செலவாகும். கலவையில் நார் 5 விழுக்காடு என்றால், ஒரு கிலோ வைக்கோலுக்கு 19 கிலோ தண்ணீரைச் சூடாக்க வேண்டும்: 18 மெகாஜூல். அதே வைக்கோலை அடுப்பில் எரித்தால் கிடைப்பதே ஏறத்தாழ 15தான்! 400 டிகிரி மாறுநிலை நீருக்கு இந்தச் செலவு இன்னும் இரண்டரை மடங்கு. வெளிவரும் சூட்டைப் பெருமளவு திரும்பப் பிடிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பிசினும் சிலிக்காவும் மிதக்கும் குழம்பு, வெப்பமாற்றியின் குழாய்ச் சுவரில் படிந்து அடைத்துக்கொள்ளும். வைக்கோல்களில் நெல் வைக்கோலுக்குச் சிலிக்கா அதிகம். அது பம்பையும் வால்வையும் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். எல்லாம் முடிந்தபின் கையில் இருப்பதோ தண்ணீர்ப் பாகு. அதைச் சுண்டவைக்க மறுபடி அடுப்பு.

அதே கணக்கை 200 டிகிரிக்கும் 30 விழுக்காடு நாருக்கும் போட்டால், கிலோவுக்கு 1.7 மெகாஜூல்தான். டென்மார்க்கின் கலுண்ட்போர்கில் 2009இல் திறந்த இன்பிகான் ஆலை நடந்தது ஏறத்தாழ இந்த வழியில்தான். மணிக்கு 4 டன் கோதுமை வைக்கோல், குறைந்த தண்ணீர், வெந்நீரின் வேலை நாரைத் தளர்த்துவதோடு சரி, செல்லுலோஸை உடைத்தவை நொதிகள். தண்ணீரிடம் அதனால் முடிந்ததை மட்டும் கேட்டார்கள்; அந்த அளவில் அது நல்ல வடிவமைப்பு. ஆனாலும் நீராவி வந்தது பக்கத்து அஸ்னேஸ் மின்நிலையத்திலிருந்து. அன்றைக்கு அது நிலக்கரியில் ஓடியது. பசுமைத் தொழில்நுட்பம் என்ற பலகைக்குப் பின்னால் இப்படி ஒரு கொதிகலன் நிற்கிறதா என்று எட்டிப்பார்ப்பது வாசகர் கடமை. ஆலை சில ஆண்டுகளுக்கு மேல் ஓடவில்லை.

நம் ஊர்ச் சர்க்கரை ஆலைகளை நினைத்தால் வேறு ஒரு பயன் தோன்றுகிறது. கரும்புச் சக்கை ஏற்கெனவே ஓரிடத்தில் குவிகிறது, நீராவி கைவசம் இருக்கிறது. அரவையிலிருந்து வரும்போதே சக்கையில் பாதி ஈரம். புதிதாகச் சூடாக்க வேண்டிய தண்ணீர் குறைவு. கொதிகலனுக்குப் போகும் வழியில் ஹெமிசெல்லுலோஸை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைப் பிழிந்து எரிக்கலாம். கொதிகலன் குழாய்களில் படிந்து தொல்லை தரும் பொட்டாசிய உப்புகளும் அந்த வெந்நீரோடு போய்விடும். ஆனால் எரிபொருளும் அந்த அளவுக்குக் குறையும். மின்வாரியத்துக்கு விற்கும் யூனிட்டில் எவ்வளவு விட்டுக்கொடுத்தால் எவ்வளவு சைலோஸ் தேறும், அதை வாங்க ஆள் இருக்கிறதா என்ற கணக்கை ஆலைக் கணக்கர்தான் போட்டுச் சொல்ல வேண்டும்.