'அநாதை' என்னும் சொல்

நம் கதைகளில் ஏழைப் பிள்ளையின் துன்பம் பெரும்பாலும் அநாதை விடுதியின் வாயிலில் முடிந்துவிடுகிறது. கருணையாளர் ஒருவர் கைப்பிடித்து உள்ளே விடுவார். வாசகர் கண்ணீர் துடைப்பார். அத்துடன் கலையும் அறமும் நிறைவுற்றனவாம்!

'அநாதை' என்றால் காப்பவர் அற்றவர் என்பது பொருள். சட்டமோ காப்பவரைச் சுட்டுகிறது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. கண்டியிலோ சூழவுள்ள தோட்டங்களிலோ ஒரு பிள்ளை இல்லத்தில் சேர்க்கப்பட்டால், அந்த இல்லத்தை அறநிறுவனம் நடத்தினும், மேற்பார்வைப் பொறுப்பு மத்திய மாகாணத்தினதே.

இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் உள்ளனர். அவர்களைப் பிரித்தது மரணமன்று, வறுமை. லயத்து ஒற்றை அறை, போதாத நாட்கூலி, கடல் கடந்து வீட்டு வேலைக்குச் செல்லும் தாய் - இவற்றை மறைத்து 'விதி' என்றெழுதும் கதை, நடை எத்துணை அழகாயினும் பொய்யே என்போம்.

2018 அக்டோபரில் மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடந்தது. வாக்கில்லாத பிள்ளைகளுக்காகச் சபையில் கேள்வி எழுப்பவும் ஆளில்லாது போயிற்று.

இந்நிலையில் எழுத்தாளர் கடமை யாது? கண்ணீரோடு கணக்கும் கேட்பதே. பிள்ளை ஏன் பிரிக்கப்பட்டது? வீடு திரும்ப யார் வழிசெய்தார்? இக்கேள்விகளை எழுப்பும் கதையையே நாம் வரவேற்போம்.