ஸனது இல்லாச் சிமிழ்கள்

எனாமல் என்றதும் வீட்டிலுள்ள வெள்ளைத் தட்டும் நீலக்கரைக் கோப்பையுமே நம் நினைவுக்கு வரும். அதே வகைப் பூச்சைக் கொண்டு, உள்ளங்கையில் அடங்கும் எழிற்சிமிழ்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் செய்தனர். மூக்குப்பொடியும் மிட்டாயும் வைப்பதற்கென எழுந்தவை அவை. சிலவற்றின் மூடியில் பறவையும் விலங்கும் தீட்டப்பெற்றன. சில, குருவியின் வடிவிலேயே வார்த்தாற்போல் அமைந்தன. இன்று அவற்றைத் தேடித் தொகுப்போர் பலர். அத்தொகுப்புக் கலையின் நிறைகுறைகளை ஈண்டு ஆராய்வோம்.

தொழிலின் அருமையை முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டும். மெல்லிய செப்புத் தகட்டின் இருபுறமும் கண்ணாடிப் பொடியைப் பூசிச் சூளையில் சுடுவர். ஒருபுறம் மட்டும் பூசினால் ஆறும்போது வெடிப்புக் காணும். பின்னர், செதுக்கிய ஓவியத்தைத் தாளில் எடுத்து ஒற்றி, வண்ணந்தீட்டி, மீண்டும் மீண்டும் சுடுவர். ஒவ்வொரு சூட்டிலும் முன்னைய உழைப்பு முழுவதும் பாழாகக்கூடும்.

இத்துணை அரிய கலைக்குத் தொகுப்போர் இழைத்த தீங்கு ஒன்றுண்டு. லண்டன் பேட்டர்சியில், யார்க் ஹவுஸ் என்னும் மாளிகையில், 1753-இல் தொடங்கிய பட்டறை, அதன் உரிமையாளர் ஸ்டீபன் தியோடர் ஜான்சன் நொடித்துப்போனதால் 1756-இல் மூடப்பட்டது. அதன் ஆயுள் மூன்றாண்டே! ஆயினும் அந்நூற்றாண்டின் ஆங்கில எனாமல் சிமிழ்கள் யாவற்றையும் 'பேட்டர்சி' என்றே நெடுங்காலம் அழைத்து வந்தனர். உண்மையில் அவற்றுள் பெரும்பகுதி பில்ஸ்டன், வென்ஸ்பரி, பர்மிங்காம் பட்டறைகளில் பிறந்தது. குருவிச் சிமிழ்களும் அப்பக்கத்தனவே. செய்தவர்கள் பெரும்பாலும் தம் பெயரைப் பொறிக்கவில்லை. வாங்கியவர்களோ தலைநகரின் பெயரைச் சூட்டி, அவர்களை இரண்டாம் முறையும் மறைத்தனர்.

ஹதீஸ் கலையில் மத்னு எத்துணை அழகாயினும், ஸனது இன்றி நம் முன்னோர் ஏற்றதில்லை. யாரிடமிருந்து யார் பெற்றார் என்னும் தொடர் அறுந்தால் பொய் புகும். இங்கும் அவ்வாறே புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் சாம்சன் பட்டறை செய்த போலிகள், பழஞ்சிமிழ்களோடு கலந்து பலரை ஏமாற்றின.

விதிவிலக்கும் உண்டு. லேடி சார்லட் ஷ்ரைபர் என்னும் மாது, தாம் வாங்கிய கலைப்பொருள்களைப் பற்றி நாட்குறிப்பில் எழுதிவந்தார். தம் எனாமல் தொகுப்பைப் பீங்கான்களோடு 1884-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்திற்கு ஈந்தார். பொருளோடு செய்தியையும் காத்த அவரையே தொகுப்பாளர் என்போம். பொருளை மட்டும் குவிப்பவர் பண்டகசாலைக்காரர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேய்ந்த இத்தொழிலை, 1970-இல் லண்டனின் ஹால்சியன் டேஸ் நிறுவனம் பில்ஸ்டனில் புதுப்பித்தது. இப்புதிய சிமிழ்களில் முத்திரை உண்டு. அளவிட்டு வெளியிடும் பதிப்புகளும் உண்டு. மிட்டாய்க்கன்றி அலமாரிக்கென்றே பிறந்தவை இவை என்பது குறையே. ஆயினும் எங்கே பிறந்தோம் என்பதை இவை மறைப்பதில்லை. பழஞ்சிமிழின் அழகும் புதுச்சிமிழின் வாய்மையும் ஒருங்கே அமைந்தால் அன்றோ கலை நிறைவுறும்?

விலை கேட்கும் முன், "இதைச் செய்த கை எவ்வூரது?" என்று கேட்பவரே இச்சிமிழ்களைத் தொகுக்கத் தகுதியுடையவர்.