வண்ணப் படமும் மொட்டைமாடித் தளமும்

பம்மலில் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பும் தெருக்களில், தூண் என்ன அளவு, கம்பி எத்தனை என்பதை இன்று பெரும்பாலும் கணினிதான் சொல்கிறது. அதற்கான மென்பொருள்கள் பலவற்றின் அடியில் ஓடுவது ஃபைனைட் எலிமென்ட் முறை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் மாணவர்களுக்கு இது ஒரு தனிப் பாடம்.

சிக்கலான உருவத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடு எழுதி, துண்டுகள் சந்திக்கும் நோடுகளில் கோத்து ஒருசேரத் தீர்ப்பதுதான் முறை. விமானக் கட்டமைப்புக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் 1956-இல் எழுதிய கட்டுரை இதற்குப் பெரிய தொடக்கம். இதன் அழகு அதன் பொதுமையில் இருக்கிறது. விறைப்பின் இடத்தில் வெப்பக் கடத்துத்திறனையும், நகர்வின் இடத்தில் வெப்பநிலையையும் வைத்தால் அதே கணக்கு வெப்பத்தையும் தீர்த்துவிடும். திருவனந்தபுரத்தில் இஸ்ரோ உருவாக்கிய ‘ஃபீஸ்ட்’ மென்பொருள், இந்த வித்தையில் நமக்கும் சொந்தக் கை உண்டு என்பதற்குச் சான்று. கையால் ஒருபோதும் தீர்க்க முடியாத உருவங்களை இந்த முறை தீர்க்கிறது. அந்தப் பெருமையில் எனக்கு ஐயமே இல்லை.

ஐயமெல்லாம் அதற்குள் நாம் போடும் எண்களைப் பற்றித்தான். ஒரு மொட்டைமாடித் தளத்தை எடுத்துக்கொள்வோம். எம்25 கான்கிரீட், ஐ.எஸ். 456 விதிப்படி மீள்மைக் கெழு 25,000 மெகாபாஸ்கல், வளைவில் தாங்கும் இழுவிசைத் தகைவு 3.5 மெகாபாஸ்கல். ஒரு டிகிரிக்கு விரிவு சுமார் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. வெயிலில் காய்ந்த தளத்தில் மழை கொட்டி 20 டிகிரி குளிர்கிறது. ஓரங்கள் அசையாமல் பிடிக்கப்பட்டவை என்று மாடலில் சொன்னால் 5 மெகாபாஸ்கல் இழுவிசைத் தகைவு வரும்; தளம் வெடிக்க வேண்டும். தடையின்றிச் சுருங்கலாம் என்று சொன்னால் வருவது பூஜ்யம். தளத்தைப் பிடித்திருக்கும் உண்மையான சுவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. துண்டுகளின் வலையான மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கமாகப் போட்டாலும் அந்த இடத்தை அது கண்டுபிடித்துத் தராது.

வெப்பக் கணக்கிலும் இதே கதைதான். தளம் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயிலை வாங்குகிறது, அது முழுவதையும் காற்றே கொண்டுபோகிறது என்று வைப்போம். காற்றுக்கு வெப்பம் போகும் கெழுவை 10 என்று வைத்தால் தளம் காற்றைவிட 60 டிகிரி சூடாக இருக்கும். 25 என்று வைத்தால் 24 டிகிரிதான். இந்தக் கெழுவைப் பலர் பாடநூல் அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். வெளியே வரும் சிவப்பு, மஞ்சள், நீலப் படத்தில் அந்த ஊகம் தெரிவதே இல்லை. படம் அழகாக இருப்பதாலேயே வாடிக்கையாளரும் மேலதிகாரியும் நம்பிவிடுகிறார்கள். இந்த நடைமுறையில் நான் காணும் மிகப் பெரிய குறை இதுதான்.

முறைக்கென்றே சில நோய்களும் உண்டு. மாடிப்படிக்காக விட்ட திறப்பின் கூர்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகும். அது எந்த எண்ணிலும் நிற்காது. எந்த மெஷ்ஷில் நிறுத்தினோமோ அந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவது பொறியியல் ஆகாது. மெல்லிய தகடுகளில் சிலவகை எலிமென்ட்கள் வளையவே மறுத்து, தளத்தை இருப்பதைவிடப் பல மடங்கு விறைப்பாகக் காட்டும். இதன் வேரைத் தேடியவர்களில் முக்கியமானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தில் (என்.ஏ.எல்.) பணியாற்றிய கங்கன் பிரதாப். 1993-இல் வந்த அவருடைய நூல் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டியது.

மாடல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடித்தளம் 1991 ஆகஸ்ட் 23 அன்று சோதனையின்போது மூழ்கியது. அந்த அடித்தளத்தின் அறைகள் கூடும் சந்திப்பில் மாடல் சரியாக அமையாததால் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. சுவரின் கனம் போதவில்லை. இழப்பு சுமார் 70 கோடி டாலர். விபத்துக்குப் பிறகு அதே முறையைக் கவனமாகப் பயன்படுத்தியபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். முறையைக் குறை சொல்பவர்களும் கண்மூடி நம்புபவர்களும் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் தேர்வுகளில் படிப்படியாகக் கனம் மாறும் தண்டுக்கும் வெப்பத் துடுப்புக்கும் அணிகளைக் கையால் கோக்கச் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம், விட்டுவிடக் கூடாது. ஆனால் கேள்வித்தாளே கெழுவையும் விளிம்பு நிபந்தனையையும் கொடுத்துவிடுகிறது. வேலையில் அவற்றை யாரும் கொடுப்பதில்லை. ஆகவே ஆய்வகத்தில் ஒரு மே மாத மதியத்தை ஒதுக்கலாம். மாணவர்கள் முதலில் மாடலை முடித்து, தளம் எத்தனை டிகிரி என்று எழுதிக் கையெழுத்திடட்டும். பிறகு வெப்பமானியோடு மாடிக்குப் போய் அளந்து, தங்கள் கெழு எவ்வளவு தவறு என்பதை அதே ரிப்போர்ட்டில் சேர்க்கட்டும். தகைவுக் கணக்கில், ஓரங்கள் இறுகியிருந்தால் எவ்வளவு, விட்டிருந்தால் எவ்வளவு என்ற இரண்டு விடைகளையும் அருகருகே எழுதாத ரிப்போர்ட்டுக்கு மதிப்பெண் போடக் கூடாது.